பத்து சென்டிமீட்டரில் எத்தனை கண்ணி? கைப்பின்னல் பழகுபவர்களுக்கு ஓர் அடிப்படைக் கணக்கு

போட்டிருக்கும் பனியனின் ஓரத்தைக் கொஞ்சம் இழுத்து வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றால் கைபேசிக் கேமராவில் பெரிதாக்கிக்கொள்ளலாம். வெளிப்பக்கத்தில் 'வி' வடிவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும். உள்பக்கம் திருப்பினால் அதே இடத்தில் சின்னச் சின்ன மேடுகள். வேட்டியும் சேலையும் பாவும் ஊடுமாக நெய்தவை. பனியன் அப்படியல்ல. நூல் வளையமாக வளைந்து, அந்த வளையத்துக்குள் அடுத்த வரிசையின் வளையம் நுழைந்து, இப்படியே மேலே ஏறி வந்த துணி அது. அதனால்தான் இழுத்தால் நீள்கிறது, விட்டால் பழையபடி சுருங்கிக்கொள்கிறது.

இரண்டு ஊசியை வைத்துக்கொண்டு கையால் பின்னும் ஸ்வெட்டரும் இதே துணிதான். வளையங்கள் பெரிது, அவ்வளவே. ஒவ்வொரு வளையத்தையும் ஒரு கண்ணி என்று சொல்வோம். பழைய கண்ணி வழியாகப் புதுக் கண்ணியை முன்பக்கம் இழுத்தெடுத்தால் நிட். பின்பக்கம் தள்ளியெடுத்தால் பர்ல். ஒன்றின் முதுகுதான் மற்றொன்று. ரிப், கேபிள் என்று எத்தனை வேலைப்பாடு பார்த்தாலும் பெரும்பாலும் இந்த இரண்டின் விளையாட்டே. வீடியோ பார்த்தோ, பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டோ இரண்டையும் சில நாளில் பழகிவிடலாம். சிக்கல் அதற்கப்புறம்தான் வரும். பின்னத் தெரிந்திருக்கும், துணியும் அழகாக வந்திருக்கும், ஆனால் முடித்த ஸ்வெட்டர் வீட்டில் யாருக்குமே பொருந்தாது. அந்த இடத்தில் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் கேஜ்.

10 சென்டிமீட்டர் அகலத்தில் எத்தனை கண்ணி, 10 சென்டிமீட்டர் உயரத்தில் எத்தனை வரிசை என்ற இரண்டு எண்கள்தான் கேஜ். பிரிட்டிஷ் பேட்டர்ன்களில், அதாவது எப்படிப் பின்ன வேண்டும் என்று எழுதிய குறிப்புகளில், இதையே டென்ஷன் என்று போட்டிருப்பார்கள். திருப்பூர்க்காரர்களுக்கு கேஜ் என்ற சொல் வேறு கணக்கில் பழக்கம். அங்கே 24 கேஜ் மெஷின் என்றால் உருளையில் ஓர் அங்குலத்துக்கு 24 ஊசி. அது இரும்பிலேயே தீர்மானமாகிவிட்ட எண். கைப்பின்னலில் அந்த எண் துணியில்தான் தெரியவரும், அதுவும் ஆளுக்கு ஆள் மாறும்.

ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. மார்புச் சுற்றளவு 100 சென்டிமீட்டர் வரவேண்டிய ஸ்வெட்டர். பேட்டர்ன் எழுதியவரின் கேஜ் 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி. ஆகவே 220 கண்ணி போடச் சொல்லியிருப்பார். உங்கள் கை கொஞ்சம் தளர்வு, 20 கண்ணிதான் வருகிறது என்றால் அதே 220 கண்ணி 110 சென்டிமீட்டராக விரியும். கை இறுக்கமாக இருந்து 24 வந்தால் 92 சென்டிமீட்டருக்குள் சுருங்கும். இரண்டு கண்ணி வித்தியாசம்தான். ஆனால் ஒன்று அண்ணனுக்கான சட்டை, இன்னொன்று தம்பிக்கான சட்டை. பேட்டர்னில் ஒரு வரிகூட நீங்கள் தவறாகப் பின்னியிருக்க மாட்டீர்கள்.

"உனக்குக் கை ரொம்ப இறுக்கம்" என்று யாராவது சொன்னால் மனம் நொந்துகொள்ள வேண்டியதில்லை. சரியான கேஜ், தவறான கேஜ் என்று எதுவும் கிடையாது. பேட்டர்னில் இருப்பது எழுதியவரின் கை. உங்கள் கை எது என்று தெரிந்துகொண்டு அதற்கேற்ப ஊசியை மாற்றுவதுதான் வேலை. கையை மாற்ற முயல்வது வீண். மெனக்கெட்டுத் தளர்வாகப் பின்ன ஆரம்பித்தால் நாலு வரிசை தாங்கும். ஐந்தாவது வரிசையில் மனசு வேறெங்கோ போனதும் கை தன் பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிடும்.

எண் எங்கிருந்து வருகிறது

நூலின் தடிமன், ஊசியின் தடிமன், பின்னுபவரின் கை. இந்த மூன்றும் சேர்ந்துதான் ஒரு கண்ணியின் அளவு.

நூலைப் பொறுத்தவரை உருண்டையைச் சுற்றிய லேபிளில் பெரும்பாலும் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். குறுக்கே 10, நெடுக்கே 10 என்று போட்டு, எத்தனை கண்ணி, எத்தனை வரிசை என்று குறித்திருக்கும். பக்கத்தில் பெருக்கல் குறிபோல் இரண்டு ஊசி வரைந்து, கீழே ஊசியின் மில்லிமீட்டர் அளவு. உலகச் சந்தையில் டிகே என்று அழைக்கப்படும் நடுத்தர நூலுக்கு 21 முதல் 24 கண்ணி, ஊசி ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். காலுறை பின்னும் மெல்லிய ஃபிங்கரிங் நூலுக்கு 27 முதல் 32, ஊசி 2.25 முதல் 3.25 வரை. தடிமனான வொர்ஸ்டெட் நூலுக்கு 16 முதல் 20, ஊசி 4.5 முதல் 5.5. இவை எல்லாம் தொடங்குவதற்கான யோசனைகள் மட்டுமே. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பல உருண்டைகளில் இந்தக் கட்டமே இருக்காது. 3 ப்ளை, 4 ப்ளை என்று இழைக் கணக்கோடு நிறுத்திக்கொள்வார்கள். அப்போது நூலை இரண்டாக மடித்து, ஏறக்குறைய அதே பருமனுள்ள ஊசியில் தொடங்கிப் பார்க்கலாம். துல்லியமான வழி அல்ல, ஆனால் தொடங்குவதற்குப் போதும்.

ஊசி எண்ணில்தான் பெரிய குழப்பம். இந்தியக் கடைகளில் ஊசிக்கு இன்னும் பழைய பிரிட்டிஷ் எண்ணைத்தான் சொல்கிறார்கள். கம்பியின் தடிமனை அளக்கும் முறையிலிருந்து வந்த எண் அது. எண் கூடக் கூட ஊசி மெலியும்: 8ஆம் நம்பர் 4 மில்லிமீட்டர், 10ஆம் நம்பர் 3.25, 12ஆம் நம்பர் 2.75. அமெரிக்க எண் நேர்மாறு, எண் கூடினால் தடிமனும் கூடும். அங்கே 8 என்றால் 5 மில்லிமீட்டர். ஜப்பானில் 8 என்றால் 4.5. அமெரிக்க பேட்டர்னை இணையத்தில் இறக்கி, நம் ஊர்க் கடையில் "8ஆம் நம்பர் ஊசி கொடுங்க" என்று கேட்டு வாங்கி வந்தால், முதல் கண்ணி போடுவதற்கு முன்பே கணக்கு தப்பிவிடும். எந்தப் பேட்டர்னானாலும் மில்லிமீட்டரை மட்டும் பாருங்கள்.

கை என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. புதுக் கண்ணியின் அளவைத் தீர்மானிப்பது வலது ஊசியின் முழுப் பருமனான தண்டு. கூர்மையான முனையில் நூலைச் சுற்றி, கண்ணியைத் தண்டு வரை தள்ளாமல் அங்கேயே இறுக்கிவிட்டால், நீங்கள் 4 மில்லிமீட்டர் ஊசியைப் பிடித்திருந்தாலும் பின்னுவது 3 மில்லிமீட்டரில். புதிதாகப் பழகுபவர்களின் கண்ணிகள் ஊசியில் நகராமல் இறுகிக்கொள்வதற்குப் பாதிக் காரணம் இதுதான். கண்ணி நழுவிவிடுமோ என்ற பயம் மீதிப் பாதி.

மாதிரித் துண்டு

உங்கள் எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு சிறு சதுரம் பின்ன வேண்டும். எல்லாரும் தவிர்க்கப் பார்க்கும் வேலை இது. ஸ்வெட்டர் பின்னும் ஆசையோடு நூல் வாங்கி வந்தவரை, முதலில் கைக்குட்டை அளவில் ஒன்று பின்னு என்றால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் இந்தச் சதுரத்தை அலட்சியமாகப் பின்னுவதற்கு, பின்னாமலே இருக்கலாம் என்பது என் கட்சி. பொய் எண்ணை நம்பி ஏமாறாமலாவது இருக்கலாம்.

டிகே நூலில் 34 கண்ணி போடுங்கள். முதல் நான்கு வரிசை வெறும் நிட். பிறகு ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல். பர்ல் வரிசையிலும் இரு ஓரத்திலும் நான்கு நான்கு கண்ணியை நிட்டாகவே விட்டுவிடுங்கள். இந்தக் கரை இல்லாவிட்டால் துண்டு பக்கவாட்டில் பின்பக்கமாகவும், மேலும் கீழும் முன்பக்கமாகவும் சுருண்டுகொள்ளும். வெட்டிய பனியன் துணி சுருள்வதும் இதனால்தான்; ஒரு பக்கம் 'வி', மறுபக்கம் மேடு என்று இழுவிசை சமமாக இல்லாத துணி அது. கரைக்கு நடுவே 10 சென்டிமீட்டருக்கு மேல் கிடைக்கும்வரை உயரமாகப் பின்னி முடித்துவிடுங்கள்.

இப்போது அளக்கக் கூடாது. முதலில் துவைக்க வேண்டும், முடித்த உடையை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே. காட்டன் துணியை நனைத்துக் காயவைத்துவிட்டு அப்புறம் வெட்டும் தையல்காரரின் நியாயம்தான் இதற்கும். கம்பளி தண்ணீரில் தளர்ந்து ஒழுங்காக உட்காரும். மெஷினில் துவைக்கலாம் என்று பதப்படுத்தப்பட்ட சூப்பர்வாஷ் கம்பளி நனைந்தால் நன்றாகவே நீளும். பருத்தி தன் எடையிலேயே தொங்கும். அக்ரிலிக் பெரும்பாலும் இருந்தபடியே இருக்கும், ஆனால் இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்தில் கொண்டுபோனால் சூட்டில் செத்துவிடும். ஒருமுறை துவண்டால் துவண்டதுதான். துவைத்ததை இழுக்காமல் தட்டையாகப் பரப்பிக் காயவிடுங்கள்.

காய்ந்ததும் மேசைமேல் வைத்து, நடுப்பகுதியில் அளவுகோலைக் கிடத்துங்கள். தையல் டேப்பைவிடப் பிளாஸ்டிக் ஸ்கேல் நல்லது. டேப் துணியோடு சேர்ந்து வளையும். பூஜ்யம் இருக்கும் இடத்தில் ஓர் ஊக்கைக் குத்துங்கள், 10 இருக்கும் இடத்தில் இன்னொன்று. இடையில் எத்தனை 'வி' என்று எண்ணுங்கள். கடைசியில் பாதி 'வி' வந்தால் அதையும் பாதியாகவே எழுதுங்கள். 21.5 என்று வந்ததை 22 என்று முழுமையாக்கிக்கொள்ளக் கை துடிக்கும், ஏனென்றால் பேட்டர்னில் 22 என்று இருக்கிறது. அந்த அரைக் கண்ணி 220 கண்ணியில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் ஆகும். ஒரே ஓர் அங்குலத்தை மட்டும் அளந்து பெருக்குவது இன்னும் மோசம். அங்குலத்துக்கு 5 என்பதற்கும் 5.5 என்பதற்கும் இடையிலான அரைக் கண்ணி, 40 அங்குல மார்பில் 20 கண்ணி வித்தியாசமாக வந்து நிற்கும்.

வட்டமாகப் பின்னும் குல்லாய்க்கோ காலுறைக்கோ தட்டையான சதுரம் முழு உண்மையைச் சொல்லாது. வட்டத்தில் எப்போதும் நிட்தான், பர்ல் வரிசையே கிடையாது. பலருக்கு பர்ல் கண்ணி நிட்டைவிடச் சற்றுத் தளர்வாக விழும், அதனால் தட்டைத் துண்டின் எண் வேறாக இருக்கும். குல்லாய்தானே பின்னப்போகிறோம் என்றால் அந்தக் குல்லாயையே மாதிரியாக வைத்துக்கொண்டு தொடங்கிவிடலாம். ஐந்தாறு சென்டிமீட்டர் வந்ததும் அளந்து பார்த்து, சரியில்லை என்றால் பிரித்துவிடலாம். பின்னலில் எதையும் பிரிக்கலாம், நூல் வீணாவதில்லை.

எண் பொருந்தவில்லை என்றால்? கண்ணி அதிகமாக வருகிறது என்றால் ஒவ்வொரு கண்ணியும் சிறிது. தடிமனான ஊசிக்கு மாறுங்கள். குறைவாக வருகிறது என்றால் மெல்லிய ஊசி. அதிகம் வந்தால் அதிகத் தடிமன், குறைவாக வந்தால் குறைந்த தடிமன் என்று மனப்பாடம் செய்துகொண்டால் குழம்பாது. ஓர் அளவு மாற்றினால் 10 சென்டிமீட்டரில் தோராயமாக ஒரு கண்ணி நகரும்.

வரிசைக் கணக்கு அவ்வளவு பயமுறுத்தாது. பெரும்பாலான பேட்டர்ன்கள் "35 சென்டிமீட்டர் வரும்வரை பின்னவும்" என்றுதான் சொல்லும். அகலக் கணக்கு பொருந்திவிட்டால் உயரத்தை இன்னும் இரண்டு வரிசை பின்னிச் சமாளிக்கலாம். கண்ணி உயரத்தைவிட அகலம் கூடியது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பட்டன் பட்டிக்காக ஓரத்திலிருந்து கண்ணி எடுக்கும்போது நான்கு வரிசைக்கு மூன்று கண்ணி என்று எடுப்பது அதனால்தான்.

எண் பொருந்தியும் துணி பிடிக்காமல் போகலாம். மெல்லிய நூலைத் தடித்த ஊசியில் பின்னி 20 கண்ணி வரவழைத்தால் வலைமாதிரி இருக்கும். தடித்த நூலை மெல்லிய ஊசியில் திணித்தால் அட்டை. அப்படி வந்தால் எண்ணை விட்டுவிட்டு நூலை மாற்றுங்கள். துண்டைக் கையில் கசக்கிப் பார்த்து, இதை உடம்பில் போட்டுக்கொள்வோமா என்று கேட்டுக்கொள்வதும் கேஜ் பார்ப்பதில் சேர்த்திதான்.

ஊசியும் மற்ற சாமான்களும்

நல்ல ஊசிக்குக் காசு செலவழிப்பதை ஆடம்பரமாகப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஊசி கணக்கின் ஒரு பகுதி. ஒரே 4 மில்லிமீட்டரில் உலோக ஊசியிலும் மூங்கில் ஊசியிலும் பின்னிப் பாருங்கள். பலருக்கு எண் மாறும். உலோகத்தில் நூல் வழுக்கும், கை வேகமெடுக்கும். மூங்கிலிலும் மரத்திலும் நூல் சற்றுப் பிடித்துக்கொள்ளும். கண்ணி நழுவும் பயம் உள்ளவர்களுக்கு அதுவே தைரியம். ஆகவே பாதி வேலையில் மூங்கிலை வைத்துவிட்டு உலோகத்தை எடுத்தால், அந்த இடம் துணியில் கோடாகவே தெரியலாம்.

சென்னை மாதிரிப் புழுக்கமான ஊரில் அக்ரிலிக் நூல், அலுமினிய ஊசி, வேர்த்த விரல் மூன்றும் சேர்ந்தால் கீச்சுக் கீச்சென்று ஒட்டும். தொடங்குபவர்களுக்கு 4 மில்லிமீட்டர் மூங்கில் ஊசியைத்தான் சொல்வேன். பிறகு வேகம் வந்ததும் ஸ்டீலுக்கு மாறிக்கொள்ளலாம்.

இரண்டு நீண்ட ஊசி, பின்னால் ஒரு குமிழ் என்று படங்களில் வருவதை இன்று விடாமல் பின்னுபவர்கள் பலர் அதிகம் தொடுவதில்லை. அவர்கள் கையில் இருப்பது சர்க்குலர் ஊசி; இரண்டு குட்டி ஊசிகளை ஒரு மெல்லிய கேபிள் இணைக்கும். வட்டமாகவும் பின்னலாம், தட்டையாகவும் பின்னலாம். ஸ்வெட்டரின் கனம் மணிக்கட்டில் தொங்காமல் மடியில் கிடக்கும். முனைகளைக் கழற்றி வேறு அளவு மாட்டிக்கொள்ளும் செட்டும் உண்டு. மாதிரித் துண்டுக்கு மூன்று நான்கு அளவு ஊசி தேவைப்படும்போது அதன் அருமை தெரியும். உலகெங்கும் பின்னுபவர்கள் விரும்பி வாங்கும் நிட்ப்ரோ ஊசிகள் நம் ஜெய்ப்பூரில் தயாராகிறவை; வண்ண வண்ணமாக அடுக்கி ஒட்டிய பிர்ச் மர ஊசிகள் அவர்களுடைய அடையாளம். ஜெர்மனியின் ஆடி ஊசிகளைத் தயாரிக்கும் நிறுவனம் 1829இலிருந்து இருக்கிறது; அதன் நிக்கல் பூசிய ஊசியில் பழகியவர்கள் வேறொன்றைத் தொட யோசிப்பார்கள். விலையும் அதற்கேற்றபடிதான்.

ஓட்டை போட்ட ஒரு சின்னத் தகடு, ஊசியை நுழைத்து அளவு பார்க்க, அவசியம் வாங்குங்கள். ஊசியில் அச்சிட்ட எண் கொஞ்ச நாளில் அழிந்துவிடும், 3.5க்கும் 3.75க்கும் வித்தியாசத்தைக் கண்ணால் சொல்ல முடியாது. மற்றவற்றுக்கு வீட்டிலேயே சாமான் இருக்கிறது. கண்ணியை அடையாளம் வைக்க ஊக்கு, நழுவிய கண்ணியைத் தூக்கக் கொக்கி முனையுள்ள ஒரு குரோஷா ஊசி, நூல்முனைகளை உள்ளே இழைக்க மொட்டை முனையுள்ள தடித்த தையல் ஊசி.

எதற்கு எவ்வளவு கவனம்

எல்லா வேலைக்கும் இந்தக் கணக்கு ஒரே அளவுக்குத் தேவைப்படாது. மஃப்ளர் இரண்டு சென்டிமீட்டர் அகலமாக வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. சால்வைக்கும் அப்படித்தான். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்தின் அன்ஸ்ட் தீவில் பின்னிய லேஸ் சால்வைகள் மோதிரத்துக்குள் நுழைத்து இழுக்கும் அளவுக்கு மென்மை என்று பெயர்பெற்றவை. அந்த வேலையில் நனைத்து, இழுத்துக் கட்டிக் காயவைக்கும்போதுதான் இறுதி அளவே தீர்மானமாகும். இதற்கு நேரெதிர், பிரிட்டன் கடற்கரை மீனவர்கள் அணிந்த கேன்ஸி ஸ்வெட்டர். இறுக்கமாக முறுக்கிய 5 ப்ளை கம்பளியை மெல்லிய இரும்பு ஊசிகளில் வேண்டுமென்றே நெருக்கிப் பின்னினார்கள், காற்றும் தூறலும் உள்ளே புகாமல் இருக்க. காலுறைக்கும் அந்த நெருக்கம் வேண்டும். தளர்வாகப் பின்னினால் குதிகால் சீக்கிரம் ஓட்டையாகும்.

முதல் வேலைக்கு என் சிபாரிசு கைக்குழந்தைக் குல்லாய். மழைக்காலம் வந்தால் சென்னையிலும்கூடக் குழந்தைத் தலைக்கு ஒன்று தேவைப்படும். மேலும், பேட்டர்ன் இல்லாமலே உங்கள் எண்ணை வைத்து நீங்களே கணக்குப் போட்டுவிடலாம்.

பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். குல்லாய் பிடித்து நிற்க வேண்டும் என்பதால் 3 சென்டிமீட்டர் குறைத்து 32 என்று வைத்துக்கொள்ளுங்கள். பருத்தி நூல் என்றால் அவ்வளவு குறைக்காதீர்கள், அது கம்பளிபோல் நீண்டு கொடுக்காது. உங்கள் கேஜ் 22 என்றால் சென்டிமீட்டருக்கு 2.2 கண்ணி. 32 ஐ 2.2 ஆல் பெருக்கினால் 70 சொச்சம். உச்சியில் எட்டுப் பாகமாகக் குறைக்கப்போகிறோம், ஆகவே எட்டால் வகுபடும் 72 எடுத்துக்கொள்வோம். உங்கள் கேஜ் 20 என்றால் 64 கண்ணி.

72 கண்ணி போட்டு, முறுக்கிக்கொள்ளாமல் பார்த்து வட்டமாக இணையுங்கள். 40 சென்டிமீட்டர் சர்க்குலர் ஊசி இந்தச் சின்ன வட்டத்துக்குப் பெரிது. இருமுனை ஊசி ஐந்து கொண்ட செட்டோ, 80 சென்டிமீட்டர் கேபிளை நடுவில் வளையமாக வெளியே இழுத்துவிட்டுப் பின்னும் மேஜிக் லூப் முறையோ வேண்டும். முதல் 3 சென்டிமீட்டர் இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று ரிப். மற்றதெல்லாம் நிட்தான். மொத்தம் 10 சென்டிமீட்டர் உயரம் வந்ததும் உச்சியைக் குறைக்கத் தொடங்கலாம்: ஏழு நிட், அடுத்த இரண்டைச் சேர்த்து ஒரு நிட்; இதை எட்டு முறை செய்தால் 64 ஆகும். அடுத்த சுற்று சும்மா நிட். அதற்கடுத்த குறைப்புச் சுற்றில் ஆறு நிட், இரண்டைச் சேர்த்து ஒன்று. இப்படி ஒன்றுவிட்டு ஒரு சுற்றில் எட்டெட்டாகக் குறைந்து கடைசியில் எட்டு கண்ணி மிஞ்சும். இந்தப் பகுதிக்கு 15 சுற்று, வரிசைக் கணக்கு 30 என்றால் சரியாக 5 சென்டிமீட்டர்.

நூலை ஒரு சாண் விட்டு வெட்டி, தையல் ஊசியில் கோத்து, எட்டு கண்ணி வழியாகவும் இரண்டு முறை ஓட்டி இழுத்து இறுக்கி, முனையை உள்பக்கம் இழைத்துவிடுங்கள். உள்ளே முடிச்சு எதுவும் வேண்டாம், பிஞ்சுத் தலையில் உறுத்தும். 50 கிராம் உருண்டை ஒன்று தாராளம். மிஞ்சிய நூலையும் லேபிளையும் மாதிரித் துண்டோடு ஓர் ஊக்கில் கோத்து, எந்த ஊசி, எத்தனை கண்ணி என்று துண்டுச் சீட்டில் எழுதிச் செருகி வையுங்கள். அடுத்த முறை அதே நூல் கைக்கு வரும்போது நேரே கணக்கிலிருந்து தொடங்கலாம்.